அர்ஜுனன் முடித்துக் கொடுத்த படங்கள்

சிவமயம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

லீட்ஸ் நகரில் குடும்பத்தோடு சீரும் சிறப்புமாக வாழும் மச்சான் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, உங்கள் தங்கை அம்சவேணியின் வீட்டுக்காரன் குமரகுரு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும் என்பதற்காக எழுதியிருக்கிறேன். அதை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பீர்கள். என் வாட்ஸ்அப் உங்கள் மருமகள், என் பெண் சத்யப்ரியாவின் லேப்டாப்பிலும் திறக்கிறது. இது அவள் கண்ணில் பட்டால் எனக்கு இந்த வீட்டில் சோறும் கிடையாது.

அவள் காந்தி ரோட்டில் ஒரு மாடியில் டிசைன் படிக்கிறாள் அல்லவா, இங்கே தயார் செய்து உங்கள் ஊர்க் கல்லூரியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. அதற்கு மார்க் மட்டும் போதாதாம், போர்ட்ஃபோலியோ வேண்டுமாம். அதாவது வரைந்த படங்களையெல்லாம் ஒரு பெரிய அட்டைப் பையில் போட்டு அவர்களிடம் காட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கிற சந்தியா மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நல்லா வந்தத மட்டும் காட்டக்கூடாது சார். தப்பா வந்தது, பாதியில நின்னது, எல்லாமே இருக்கணும். அவ எப்படி யோசிக்கறான்னு பாப்பாங்க” என்றார். நான் தறிக்காரன் மச்சான். உடலும் கரையும் சேர்கிற கோர்வையில் ஓர் இழை தப்பினால் ராத்திரி தூக்கம் வராது எனக்கு. தப்பைப் பொறுக்கி எடுத்து வெள்ளைக்காரர்களிடம் காட்டுவதற்கு ஒரு படிப்பா என்று வாய்வரை வந்தது, அம்சவேணி என் தொடையைக் கிள்ளியதால் சும்மா இருந்தேன்.

சரி, அப்படி என்னதான் வரைந்திருக்கிறாள் என்று ஒருநாள் பையைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அத்தனையும் என் மகன், நம் தனுஷ். வண்டிமேல் உட்கார்ந்திருக்கிற தனுஷ், சட்டையில்லாமல் தோசை தின்கிற தனுஷ், தறிக்குப் பாவு நூல் ஓட்டும்போது செல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற தனுஷ், குப்புறப் படுத்துத் தூங்குகிற தனுஷ். கை அவன் கை, கால் அவன் கால், அந்தக் கோணல் சுண்டுவிரல்கூட விடவில்லை. ஆனால் எதிலும் முகம் இல்லை. காது இருக்கிறது, முடி இருக்கிறது, நடுவில் வெறும் தாள். போன வருஷம் மாகறல் போய்விட்டு வரும்போது அந்த லாரி என் பிள்ளையை என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்குத் தெரியும், காரியத்தை நீங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். “முகம் எங்கம்மா?” என்று கேட்டேன். “அது அவ்ளோதாம்பா, முடிஞ்சிடுச்சி” என்றாள். முடிந்துவிட்டதாம். பெற்றவன் எப்படி மச்சான் தாங்குவான்?

எங்கள் தொழிலில் புடவை டிசைன் போடுகிற கிராஃப் தாளில் பாதி மயில் போட்டிருந்தால், மீதி மயிலுக்கு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் அவள் பாஸ்போர்ட் விஷயமாகச் சென்னைக்குப் போன அன்று பையைத் தூக்கிக்கொண்டு அர்ஜுனனிடம் போனேன். ஊரில் பாதி முந்தானைக்கு கிராஃப் போட்டுக் கொடுக்கிறவன், கை சுத்தம். படங்களைப் பார்த்ததும் அவனுக்கே கண் கலங்கிவிட்டது. “பாதி யானையே நம்மகிட்ட வந்தா முழுசாதான் வூட்டுக்குப் போவுது, இது நம்ம புள்ளபா. வெச்சிட்டுப் போ, முடிச்சிடறேன்” என்றான். அடையாளத்துக்குப் போட்டோ கேட்டான். கையில் இருந்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கொடுத்த போட்டோதான், அதைக் கொடுத்தேன். சாயங்காலமே எல்லாப் படத்தையும் முடித்துவிட்டான் புண்ணியவான். வண்டிமேல் சிரிக்கிறான், தோசை தின்றுகொண்டே சிரிக்கிறான், குப்புறப் படுத்த பிள்ளையின் தலையைக்கூட இந்தப் பக்கம் திருப்பிவிட்டான், தூக்கத்திலும் கண்ணைத் திறந்துகொண்டு அந்தப் போட்டோவின் அதே சிரிப்பு சிரிக்கிறான். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தன் பெயரும் செல் நம்பரும் உள்ள ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டான். கெடாமல் இருக்கட்டும் என்று நான் லேமினேஷனும் போட்டு, நாடா கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவள் திறந்து பார்க்கும்போது சந்தோஷப்படுவாள் என்று இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

அவள் திறந்தது வீடியோ இன்டர்வியூவில். போட்டோ எடுத்து அனுப்பியதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்களாம், ஒரிஜினலைக் காட்டு என்றார்கள். நாடாவை அவிழ்த்து, பாராமலே முதல் தாளைத் தூக்கிக் காட்டினாள். அந்த வெள்ளைக்கார அம்மாள் திரைக்குக் கிட்டே குனிந்தார். இரண்டாவது தாள். பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுப்பியதில் முகமே இல்லையே, இது யார் வரைந்தது என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். சத்யா அப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பெண் திணறும்போது கதவுக்குப் பின்னால் நிற்கிற அப்பன் என்ன செய்வான்? உள்ளே போய் காமிரா முன்னால் நின்று, “திஸ் ஒர்க் அர்ஜுனன் மேடம். குட் மேன். நோ மிஸ்டேக்” என்று சொல்லி, ஓரத்தில் இருந்த செல் நம்பரையும் காட்டினேன்.

சொந்த வேலையாக இருக்க வேண்டும், யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு, “இன்னாபா பண்ணி வெச்சிருக்கே? எனக்கு அவன் மொகம் ஞாபகத்துல வரமாட்டேங்குதுபா. அதத்தான வரஞ்சேன்” என்றாள். அதற்கு மேல் என்னோடு பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான். வீட்டில் பென்சிலைத் தொடவில்லை. லேமினேஷனை நகத்தால் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வராது, நல்ல கனமான பிளாஸ்டிக்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன், நீங்களே சொல்லுங்க. ஒரு புடவை என்றால் கிராஃப் போடுகிறவர் ஒருத்தர், சாயம் காய்ச்சுகிறவர் ஒருத்தர், நெய்கிறது நான், நூல் சுற்றுகிறது உங்க தங்கச்சி. எங்களில் எவனாவது இது என் புடவை என்று சொல்லியிருக்கிறானா? இதைத்தான் நீங்க அந்தக் கல்லூரிக்கு நேரில் போய், நல்ல கோட்டுப் போட்டுக்கினு போய், எடுத்துச் சொல்லணும். தப்பு அப்பன் பேரில், அவன் விவரம் கெட்டவன், பெண் பேரில் ஒன்றுமில்லை என்று சொல்லுங்க. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்க. காலில்கூட விழுங்க மச்சான், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். இந்த வீட்டில் அவளால் மூச்சுவிட முடியவில்லை, எனக்குத் தெரிகிறது. சீட்டு கிடைக்கவில்லை என்றால் அவள் என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், காமாட்சி அம்மன் உங்கள் எல்லோரையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
குமரகுரு.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சத்யா வந்து என் எதிரில் நின்றாள். நடந்தது எல்லாவற்றையும் அவளே அந்தக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறாள். சந்தியா மேடம் வீட்டில் இருந்துகொண்டு மறுபடி இன்டர்வியூ, காமிரா முன்னாலேயே வரையச் சொன்னார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சீட்டு கெடச்சிடுச்சிபா, செப்டம்பர்ல கெளம்பணும்” என்றாள். ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். மச்சான், மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். நீங்க போய் வேறு மாதிரி சொல்லுங்க. அவளுக்கு வரையவே தெரியாது, எல்லாமே அர்ஜுனன் போட்டது, அவன் நம்பரைத்தான் அன்றைக்கே காட்டினேனே என்று சொல்லுங்க, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும். ஒருத்தன் போய்விட்டான், இவளும் போனால் நானும் அம்சவேணியும் யார் முகத்தைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருப்பது? இல்லை, வேண்டாம், அப்படியெல்லாம் சொல்லிவிடாதீங்க. வருஷத்தில் எத்தனை தடவை ஊருக்கு விடுவார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுதுங்க.