அமுதாவைத் திருத்திய கதை

எழுத்து என்று எதைக் கண்டாலும் திருத்தியே ஆகவேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை, ஓட்டல் விலைப்பட்டியல், எதையும் விட்டதில்லை. (பெண் பார்க்க வந்தவர் நீட்டிய விசிட்டிங் கார்டிலேயே ஒற்றுப்பிழை காட்டினேன். அவர் திரும்பி வரவில்லை.) இப்படிப்பட்டவளைத்தான் திருவண்ணாமலையில் ஒரு மாத இதழுக்கு ஆசிரியராகப் போட்டார்கள்.

என் முதல் இதழின் வாசகர் பக்கத்துக்கு, கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் சேகர் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருந்தார். இறந்துபோன மனைவி அமுதாவைப் பற்றி. எல்லாம் அவர் பேசுகிற மாதிரியே. ‘அமுதா விடியக்காலம் எழுந்து டீ போடுறா. வேன் எடுக்கறப்ப வாசல் வரைக்கும் வந்து, ஆளுங்கள ஜாஸ்தி ஏத்தாதய்யா, ஸ்பீடை கம்மி பண்ணுன்னு சொல்றா.’

எனக்குக் கை துறுதுறுத்தது. எம்.ஏ. தமிழ் படித்தது பின்னே எதற்கு? அரைநாள் உட்கார்ந்து செப்பனிட்டேன். ‘அமுதா அம்மையார் வைகறையில் துயிலெழுந்து தேநீர் தயாரித்தார். பயணிகளை மிகுதியாக ஏற்றாதீர், வேகத்தைக் குறைத்தருள்க என மொழிந்தார்.’ அச்சில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. (என் தமிழை நினைத்து.)

இதழ் வெளிவந்த கொஞ்ச நாளில் சேகர் ஆபீசுக்கு வந்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று டீ சொன்னேன்.

“நல்லா இருந்துச்சுங்க மேடம்,” என்றார். டீயைத் தொடவில்லை. “திதிக்கு வந்த சொந்தக்காரங்களை எல்லாம் உட்கார வெச்சு, நானே சத்தமா படிச்சேங்க. பாதியில என் மாமியார், ‘மாப்ளே, யாரைப் பத்தி படிக்கிறீங்க?’ன்னு கேட்டுட்டாங்க.”

நான் என் டீயைக் கீழே வைத்தேன்.

“நம்ம அமுதாதான்னு சொன்னேன். ‘எம் பொண்ணு இப்படிப் பேசமாட்டாளே’ன்னு எழுந்து உள்ள போய்ட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “பேச்சை மாத்தினது போகட்டுங்க. டீ போடுறான்னுதானே எழுதினேன்? அதை ஏங்க தயாரித்தார்னு மாத்தினீங்க?” என்று கேட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். “இலக்கணப்படி அங்க இறந்த காலம்தாங்க வரணும்,” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். “அது தெரியுங்க,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த இதழில் அவர் அனுப்பியதை அப்படியே போட்டேன். ‘ஞாபகம்’ என்பதை ‘நியாபகம்’ என்று எழுதியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விட்டுவிட்டேன். பிரதியை நானே கொண்டுபோய் அவர் மாமியாரிடம் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னையே படிக்கச் சொன்னார். ‘கம்மி பண்ணு’ வரைக்கும்தான் வந்திருப்பேன், என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவதான்,” என்றார். “இவதாம்மா.”

இன்றைக்கும் வேங்கிக்கால் பக்கம் சேகர் வேனில் ஏறினேன் என்றால் தொலைந்தேன். முன் சீட்டில் உட்கார வைத்து, வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிமுகம் செய்வார்.

“இந்த மேடம் யாரு தெரியுமா? எங்க அமுதா செத்தப்புறம், அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவங்க!”

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அப்புறம் கொஞ்ச தூரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவோம்.