வெறுங்காலோடு அரண்மனை பார்த்த கதை

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தே கிழவனானவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், சந்தேகம் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தபோது நடந்தது இது.

மகளுக்குக் கல்யாணமான புதிது. காஞ்சிபுரத்திலிருந்து மகளோடு மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் முதல்முறையாக உத்திரமேரூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். சம்பந்தி பட்டுப்புடவை வியாபாரி. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அவரை அசத்திவிட வேண்டும் என்று வேன் பிடித்தேன். காலையில் திருப்புட்குழிப் பெருமாள் கோயில். பிறகு வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு பழைய ஜமீன் அரண்மனை. (பெயர் வேண்டாம். அரண்மனை மேல் ஒரு தப்பும் இல்லை.)

கோயிலுக்குப் போகும்போது எல்லோரும் செய்வதுபோல் செருப்புகளை வேனிலேயே விட்டிருந்தோம். அரண்மனை வாசலில் இறங்கும்போது உச்சி வெயில். சித்திரை மாதம்.

"இன்னாங்க, செருப்ப மாட்டிக்கலாமா?" என்றாள் மனைவி.

"அரண்மனைன்னா உள்ள பூஜை அறை இருக்கும். மறுபடி கழட்டிப் போட்டா யாரு காவல் காக்கிறது? நாலு எட்டு நடை, வா."

சம்பந்தி தன் செருப்பைக் கையில் எடுத்திருந்தார். "இல்ல சம்பந்தி, எனக்குக் கால்ல வந்து..."

"அரண்மனைய வெறுங்கால்லதான் பாக்கணும் சம்பந்தி. அப்பதான் கல்லோட குளிர்ச்சி தெரியும்!"

அப்படி எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அந்த நிமிடம் நானே உண்டாக்கியது. புது உறவாயிற்றே, அவர் எதிர்த்துப் பேசாமல் செருப்பைத் திரும்ப வைத்தார். வேன் நிழல் தேடிப் போய்விட்டது.

உள்ளே கல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. (பூஜை அறை இல்லை.) சனி பிடித்தது பின்பக்கத்துத் தோட்டத்தில். கத்தரித்துவிட்ட புல்வெளிகள், நீரூற்று, வளைந்து வளைந்து போகும் கல் பாதை. அந்தப் பாதையில் அப்பளம் சுடலாம். சூடு தாங்காமல் மகள் புல்லில் கால் வைத்தாள். உடனே விசில்.

"ஏம்மா, புல்லு மேல ஏறாத! போர்டு வச்சிகீது, பாக்கல?" என்றார் காவலாளி.

"கால் சுடுதுங்க."

"செருப்பு எங்க?"

"வேன்ல."

"வேன் எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்தது சுற்றுலா அல்ல, தீமிதி. மாப்பிள்ளை மர நிழலுக்கு மர நிழல் தாவினார். நான் ஒற்றைக் காலில் நின்று நீரூற்றின் வரலாற்றை விளக்கினேன். சம்பந்தி ஒருவர்தான் நிதானமாக நடந்து வந்தார்.

"பாருங்க, இதான் ராஜ நடை! எல்லாரும் கத்துக்குங்க!" என்றேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் மகள் அவர் பாதங்களைப் பார்த்து அலறினாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது.

"வலிக்கலியா மாமா?"

"சக்கர கீதும்மா. ரொம்ப நாளா கால்ல சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. அதத்தான் சொல்ல வந்தேன். உங்கப்பா கல்லப் பத்தி சொல்லிக்கினு இருந்தாரு."

புண் ஆற மாதக்கணக்காயிற்று. ஒரு விரலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்ன வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, விரல் பிழைத்தது. அதுவரை மகள் போனில் தன் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள்.

குணமாகி அடுத்த முறை வந்த சம்பந்தி எங்கள் வாசலில் தயங்கி நின்றார். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. என் மனைவியோ கேட்டைத் தாண்டிச் செருப்பை விடாதவள்.

"போட்டுக்கினே வாங்கண்ணா," என்றாள் அவள். "கழட்டுனா இவரு ராஜ நடை நடக்க வச்சிடுவாரு."

அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு எங்கள் கூடத்திலேயே இருக்கிறது. துடைத்து வைப்பது நான்தான்.

வியாதி முழுக்க விடவில்லை. இப்போதும் யாராவது பேசும்போது நான் குறுக்கே புகுந்தால், சமையலறையிலிருந்து குரல் வரும்:

"கொஞ்சம் இருங்க. அவருக்குக் கால்ல எதனா கீதான்னு மொதல்ல கேளுங்க."