கதவுக்கு இரண்டு பெற்றோர்

உள்ளே ஆய்வாளர். வெளியே செமிகோலன். நடுவில் அரையடி கனத்தில் இரும்புக் கதவு.

சைரன் வேறு காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

செமிகோலன் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். எதைப் பேசினாலும் பாதியில் நின்று யோசிப்பாள். இப்போது யோசனையும் நின்றுபோயிருந்தது. நகைக்கடையின் மேல்மாடிப் பெட்டக அறைக்கு அவள் புரோகிராம் எழுதிய கதவு அது. வார விடுமுறை, கடையில் ஈ, காக்கை இல்லை. ஆய்வாளர் பார்த்துத் தலையாட்டினால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அண்ணியைக் கதவு திறக்க வைக்கும் புரோகிராம் இன்னும் யாரும் எழுதவில்லை.

பின்படிக்கட்டில் நின்றிருந்தவரிடம் "ஆய்வாளர் சார்தானே?" என்று அவள்தான் கேட்டாள். "பின்னே?" என்றார். "தனியாப் பாத்தாத்தான்மா குறை தெரியும்" என்று, மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் சைரன். தடால்! கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

போனில் மேனேஜர் குதித்தார்.

"ஏம்மா, அலாரம் அடிச்சா அந்தக் கதவு திறக்கணுமா, பூட்டணுமா?"

"ரெண்டும் சார்."

"என்னது?"

"இந்தக் கதவுக்கு ரெண்டு பெத்தவங்க. ஒண்ணு லாக்கர், இன்னொண்ணு அவசர வழி. ரெண்டு பேர் குணமும் இதுக்கு வரணும்னு எழுதியிருக்கேன். மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ்னு சொல்வாங்க."

"நல்ல குடும்பமாத்தானே தெரியுது?"

"சிக்கலே அங்கதான் சார். அலாரம் அடிச்சா என்ன செய்யணும்னு ரெண்டு பேருமே சொல்லிக்கொடுத்திருக்காங்க. லாக்கர், 'திருடன்டா, பூட்டு'ங்குது. அவசர வழி, 'தீடா, திற'ங்குது. கட்டளைக்கு ஒரே பேர். பெத்தவங்கள்ல யார் பேரு முதல்ல இருக்கோ அவங்க பேச்சுதான் எடுபடும். இப்ப லாக்கர் முதல்ல இருக்கு. பேரை மட்டும் மாத்திப் போட்டுடட்டுமா? ஒரு வரி வேலை."

"மூச்! அவங்க காசு குடுத்து வாங்கினது லாக்கர். லாக்கர் பேர்தான் முதல்ல நிக்கணும். வேற வழி பாரு!"

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். "ஏம்மா! என்னாச்சு?"

"சின்னக் கோளாறு சார்! தீயணைப்புக்குச் சொல்லிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா! தீயணைப்பு, போலீஸ், ஒருத்தரும் வேண்டாம். உங்க கம்பெனி மானம் என்னாகும்?"

மாட்டிக்கொண்ட நேரத்திலும் அடுத்தவர் மானத்தை நினைக்கும் மனிதர்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்வாசல் காவல்காரர் இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், என்ன ஊளைச் சத்தம்?"

"டெஸ்டிங் அண்ணே! ஆய்வாளர் மேலதான் இருக்கார். யார் வந்தாலும் மேல விடாதீங்க!"

"ஒரு ஈயைக்கூட விடமாட்டேன் மேடம்."

லேப்டாப்பைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். ஒருவர் பேச்சைக் கேட்டால்தானே தகராறு? இரண்டு பேர் பேச்சையும் கேள் என்று எழுதினாள்.

கதவு திறந்தது. ஒரே ஒரு சாண். ஆய்வாளரின் மூக்கு வெளியே வந்தது. அலாரம் அடிக்கும்போது கதவு திறந்தால் அதுவே இன்னொரு அலாரம். தடால்! மறுபடி ஒரு சாண். மறுபடி தடால். கடிகாரக் குருவி போல மூக்கு வருவதும் போவதுமாக இருந்தது. போதாக்குறைக்கு சைரன் இரட்டைக் குரலில் ஊதத் தொடங்கியது.

"அது ஏன் ரெண்டா ஊதுது?" மேனேஜர் அலறினார்.

"லாக்கருக்கும் அவசர வழிக்கும் அப்பா ஒண்ணுதான் சார். வெறும் 'கதவு'ன்னு பேரு. சைரன் ஊதறது அவர் வேலை. ரெண்டு பேரும் தனித்தனியாப் போய் 'ஊதுங்கப்பா'ன்னு சொல்றாங்க."

"இரு, இரு. லாக்கரும் அவசர வழியும் கூடப்பிறந்ததுங்களா?"

"ஆமா சார்."

"அதுங்க ரெண்டுக்கும் ஒரு பிள்ளையா? சீச்சீ! கம்பெனி செலவுல என்ன கண்றாவிம்மா இது?"

"சார், இது புரோகிராம் சார்!"

"எதுவா இருந்தா என்ன? அந்தப் பாட்டனை முதல்ல வெட்டிவிடு!"

வெட்டிவிட்டாள். சைரன் நின்றது. கதவும் சாத்தியபடியே நின்றது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்ட பிறகுதான் உறைத்தது. அறையின் விளக்கும் காற்றாடியும்கூடப் பாட்டன் சொத்து.

"ஏம்மா... ஒரே இருட்டு... மூச்சு முட்டுதும்மா..."

வேலை போனால் அண்ணி வீடு. ஆள் போனால்?

"சார், பேரை மாத்தப்போறேன்!"

"லாக்கர்தான் முதல்ல..."

"ஆளே போயிட்டா முதல்ல என்ன, கடைசில என்ன சார்?" போனைத் துண்டித்தாள். பாட்டனைத் திரும்பக் கூப்பிட்டாள். அவசர வழியை முன்னால் போட்டாள். லாக்கரைப் பின்னால் தள்ளினாள். பொத்தானைத் தட்டினாள்.

விளக்கு எரிந்தது. சைரன் ஒற்றைக் குரலில் ஊதியது. கதவு ராஜா வருவதுபோல முழுசாகத் திறந்தது.

ஆய்வாளர் வேர்வையில் குளித்து வெளியே வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்!"

"மன்னிப்பா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கதவைப் பாத்ததே இல்லம்மா. அலாரம் அடிச்சா திறக்குது! இப்படியே இருக்கட்டும். எதையும் மாத்திடாதே."

"அப்ப... என் வேலை சார்?"

"உனக்கு இல்லாத வேலையா!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையிலிருந்த பையை வலிய வாங்கிக்கொண்டாள். "என்ன சார், இந்தக் கனம் கனக்குது!"

"எல்லாம் உன்னோட ரிப்போர்ட்தாம்மா."

இரண்டு கையாலும் தூக்கிப் பின்படிக்கட்டு வழியாக இறக்கி, காரில் வைத்து, கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டினாள். மேலே ஓடிவந்து, சைரனை அணைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், பாஸ்! நம்ம கதவு பாஸ்!"

"அடி சக்கை! நீ நிரந்தரம்மா! ஆமா, அலாரம் எதுக்கு அடிச்சுதாம்? புகை கிகை ஏதாவது?"

"புகையெல்லாம் இல்லையே சார்."

"தீயும் இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா அடிச்சுது?"

செமிகோலன் வாயைத் திறந்து, பாதியில் நின்றாள். மெல்லத் திரும்பி அறைக்குள் பார்த்தாள். இழுப்பறைகள் எல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

இன்டர்காம் அடித்தது. காவல்காரர் குரலில் பெருமை தாங்கவில்லை.

"மேடம், ஆய்வாளர்னு ஒருத்தர் அடையாள அட்டையெல்லாம் நீட்டிக்கிட்டு ரொம்ப நேரமா குதிக்கிறாரு, நீங்க சொன்னபடியே மேல விடாமப் பிடிச்சு உக்காரவெச்சிருக்கேன், இப்ப விட்டுடட்டுமா?"