உள்ளே இருப்பதை வெளியே

அலுவலகத்திலிருந்து வந்து அரை மணியாகிறது, மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தில் கைவைத்து, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். அகராதிக்காரர் யோசித்துப் பார்த்தார். காலையில் அவள் ஏதோ சொன்னாள், இவரும் "ம்" என்றார். என்ன சொன்னாள் என்பதுதான் நினைவில்லை.

"கோவமா?"

அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவர் தொழில். இந்த வாரம் முழுக்க 'எலக்வன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டு. பெயர்ச்சொல் எலக்வன்ஸ், வினையடை எலக்வன்ட்லி என்று எல்லாம் எழுதியாயிற்று. பொருள்தான் உட்கார மறுத்தது. நாவன்மை மிக்க என்று போட்டால், நாக்கு நீண்டவனெல்லாம் உரிமை கொண்டாடுவானே!

சொல் பிடிபடாவிட்டால் வேரைத் தோண்டிப் பார்ப்பது அவர் வழக்கம். தோண்டினார். லத்தீனில் அதற்கு 'வெளியே பேசு' என்று அர்த்தம். குடும்பத்துக்கும் அதுவே வழி என்று இப்போது பட்டது.

"இங்க பாரு, நல்லாப் பேசுறதுன்னா அலங்காரமாப் பேசுறது இல்ல. உள்ள இருக்கறத வெளிய சொல்றது. சொல்லிடறேன். உன் தம்பி குடுத்த கடிகாரத்த உடைச்சது பூனை இல்ல. நான்தான்."

அவள் புருவம் ஏறியது. "ம்ம்" என்று கையை ஆட்டினாள். இது போதாது என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"நீ பாட ஆரம்பிச்சா தலைவலின்னு வெளிய போவேனே? தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவள் எழுந்து நின்று தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். 'வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்' என்று அவருக்கு அர்த்தமாயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழிக்கு விளக்கம் எழுதிய மனிதர்தான். இருந்தும் நிறுத்தவில்லை.

"உங்க அக்கா ஒரு மாசம் தங்க வர்றேன்னு போன் பண்ணாங்க. நாம ஊர்லயே இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் கண்களில் நீர் முட்டியது. அவர் அவள் அருகே போனார். ஊரார் சொற்களையெல்லாம் தூக்கிச் சுமந்தவர், இவள் சொன்னதில் எத்தனையைக் காதில் வாங்கினார்? இவள் பேசாத வீட்டில் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது.

"நீ பேசலன்னா எனக்கு இது வீடே இல்ல," என்றார். "திட்டவாவது திட்டு."

வெளியே போயிருந்த மகள் கையில் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"அம்மா, பல்லு பிடுங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. வாயில இருக்கற பஞ்ச எடுத்துடு, இனிமே நீ பேசலாமாம்."