மிச்ச வாளி

முதல் நாளே வாளியில் தொள்ளாயிரம் கிராம் மிச்சம் விழுந்தது.

எழுத்தர் தராசைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. கூடாரத்துக்குள் நாற்பத்தைந்து டிகிரி. ராணுவத்தின் புது உணவைச் சோதிக்க, ஆறு சிப்பாய்கள் பத்து நாளைக்குப் பொட்டல உணவு மட்டுமே தின்ன வேண்டும்: கெட்டி பிஸ்கட், டின் இறைச்சி, உருகி வழியும் சாக்லேட். மிஞ்சியதை நிறுத்து எழுதுவது அவர் வேலை.

"ஒரு நாள் மிச்சம் இருநூறு கிராமைத் தாண்டினா, இன்னும் பதினைஞ்சு நாள் எல்லாரும் இங்கதான்," என்றிருந்தார் மேஜர். "பசங்ககிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா வேணும்னே தின்னு தீர்த்துடுவாங்க. சாயங்காலம் நானே வந்து தராசைப் பார்ப்பேன்."

எழுத்தரின் மனைவிக்கு நிறைமாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அப்போதும் அவர் ஊரில் இல்லை. பதினோராம் நாள் வீட்டில் இருப்பதாக இந்த முறை சத்தியமே செய்திருந்தார்.

எழுநூறு கிராமை மணலில் புதைத்தார். முகாம் நாய் அதைத் தோண்டி, மேஜரின் காலடியில் கொண்டுவந்து வைத்தது.

"நாய்க்கு இருக்கிற நேர்மை உமக்கு இல்லையே," என்றார் மேஜர். "இன்னிக்கு ஒருநாள் மன்னிச்சேன்."

மறுநாள், சரக்குக் கூடாரத்துக்குப் பின்னால் நின்று மிச்சத்தை எழுத்தரே தின்றார். முள் இருநூறில் நின்றது. மேஜர் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் வாளி கனத்தது. ஐந்தாம் நாள் ஒரு கிலோவைத் தாண்டியது.

"கொஞ்சம் மனசு வச்சு சாப்பிடுங்கப்பா," என்று கெஞ்சினார் எழுத்தர்.

சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டான் அவர்களில் ஒல்லிக்குச்சியாக இருந்த ஒருவன்.

"என் வயித்தை நான் பாத்துக்கறேன்."

அன்று ஒன்றரைக் கிலோ. எட்டாம் நாள் அவர் கால்சட்டைப் பொத்தான் தெறித்தது. ஒன்பதாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லி விழுங்கினார்.

பத்தாம் நாள் டாக்டர் எல்லோரையும் எடை பார்த்தார். சிப்பாய்கள் ஆளுக்கு மூன்று கிலோ இளைத்திருந்தார்கள்.

"நோட்டுல பாத்தா எல்லாத்தையும் தின்னிருக்காங்க. உடம்பைப் பாத்தா எலும்பு தெரியுது," என்றார் டாக்டர். "அப்போ இந்த உணவுல சத்தே இல்ல. பொட்டலத்தைப் பெருசாக்கி, இன்னும் பதினைஞ்சு நாள் பாக்கணும்." எழுத்தரை ஏற இறங்கப் பார்த்தார். "உட்கார்ந்தே பாக்கற வேலை. உமக்கு ஒத்துக்கிச்சு போல."

மேஜர் விடுப்புத் தாளை இரண்டாகக் கிழித்தார்.

எழுத்தர் வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒல்லிக்குச்சி சட்டைக்குள்ளிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"மொத ரெண்டு நாள் மட்டுந்தான் சார் வெயில்ல சாப்பாடு இறங்கல, அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க கூடாரத்துக்குப் பின்னால எச்சில் வாளியை வழிச்சுத் தின்னதைப் பாத்துட்டோம்... எழுத்தருக்குச் சோறே போடறதில்ல போலன்னு, அன்னியிலேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் உங்களுக்குன்னு விட்டு வச்சோம்."