பதின்மூன்றாவது பொதி

விஜயநகர், மைசூரு
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை வேலாயுதம் அவர்களுக்கு, கெம்பையன் எழுதுவது. நானும் உங்கள் அக்கா கமலம்மாளும் நலம். எங்கள் மகள் மோகனப்ரியா மட்டும் நலத்தை நாளை வரை தள்ளிவைத்திருக்கிறாள்.

லினக்ஸ் கணினியில் மென்பொருள்களைப் பொதி பொதியாக ஏற்றவும் நீக்கவும் அவள் குழு ஒரு நிரல் செய்திருக்கிறது. இரண்டு ஆண்டு உழைப்பு. அதன் நிலையான பதிப்பு நாளை மாலை ஐந்துக்கு வெளியாக வேண்டும். தவறினால் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இம்முறை நிரல் தமிழிலும் பேசுகிறது. "அப்பா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று நேற்றுக் காலை மடிக்கணினியை என் முன் வைத்துவிட்டு அலுவலகம் போனாள். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொடி எழுத்து எனக்கு ஆகாது. நெல்லிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் நிருபராக இருந்தவன் எழுத்துப்பிழையோடு நிற்பானா? ஒரு மென்பொருளை நீக்கச் சொன்னேன். 'பன்னிரண்டு பொதிகள் நீக்கப்படும்' என்றது திரை. கீழே பட்டியல். வரி வரியாக எண்ணினேன். பதின்மூன்று! செய்தி கையில் இருந்தால் நான் ஆறவிடுவதில்லை. பிழை அறிவிக்கும் பக்கத்தில் 'மிகக் கடுமையானது' என்று குறித்து நானே அனுப்பிவிட்டேன். பத்தாவது நிமிடம் குழுவிலிருந்து பரத் என்பவர் போன் செய்தார்.

"அங்கிள், எங்க எல்லாருக்கும் பன்னிரண்டுதான் வருது. உங்க வீட்ல மட்டும் பதிமூணுன்னா, அதான் பயமா இருக்கு. சரியா எண்ணினீங்களா?"

"தம்பி, தசரா ஊர்வலத்துல யானை எண்ணி எழுதினவன் நான். ஒரு வருஷம்கூட மறுப்பு வந்ததில்ல."

"யானையை யாருதான் எண்ண மாட்டாங்க!" என்றாள் உங்கள் அக்கா சமையலறையிலிருந்து.

அப்போதிருந்து ஐந்து நாட்டில் இருபது பேர் தேடுகிறார்கள் மாப்பிள்ளை! வெளியீடு அந்தரத்தில் நிற்கிறது. மோகனப்ரியா வீட்டுக்குச் சாப்பிடக்கூட வரவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. புதிய பதிப்பின் நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் பரத் சேர்த்துவிட்டார். ராமாபுரத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பொன்னம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கெம்பையன்

பி.கு. (சனிக்கிழமை): தபாலில் சேர்க்குமுன் ஒரு செய்தி. நேற்று மதியம் மோகனப்ரியா ஓடிவந்து திரையைப் பார்த்தாள். "ஹௌதா அப்பா, நிஜமாவா?" என்றாள். எழுத்தைச் சிறிதாக்கினாள். இடம் போதாமல் இரண்டு வரியாக மடிந்து கிடந்த ஒரு நீளப் பெயர் ஒரே வரியானது. பன்னிரண்டு.

"யானைக்கு வாலைத் தனியா எண்ணிட்டீங்களா?" என்றாள் உங்கள் அக்கா.

ஐந்து மணிக்குப் பதிப்பு வெளியாகிவிட்டது. அந்த அவசரத்தில் நன்றிப் பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. 'பதின்மூன்றாவது பொதியைக் கண்டுபிடித்த மைசூரு கெம்பையன் அவர்களுக்கு நன்றி' என்று அப்படியே இருக்கிறது. வெளியான பதிப்பில் இனி ஒரு எழுத்தும் மாற்ற முடியாதாம். ஊரில் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.