ஒருவேளை அக்காவின் வெங்காயமில்லாத நாடு

உலகத்தில் நடந்து முடிந்த போர்களை எல்லாம் மறுபடி நடத்தி, தோற்றவர்களை ஜெயிக்க வைத்த சமையல்காரர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருந்தார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஒருவேளை அக்கா’ என்று கேட்டால் டவுன் பஸ் கண்டக்டர்கூட வழி காட்டுவார்.

நான் அவருக்கு உதவியாள். அரிசி களைவது, காய் நறுக்குவது, அண்டா கழுவுவது என் வேலை. அஞ்சாவதோடு நின்றவள், நாலு பேருக்கு எதிரில் எனக்குப் பேச வராது. அக்காவுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. அவர் பேசுவார், நான் ‘ம்’ கொட்டுவேன், அதற்குள் சோறு வெந்துவிடும்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரியும். மற்றவர்கள் அதைப் பார்த்ததும் கும்பிடுவார்கள். அக்கா ஆரம்பித்துவிடுவார்.

“ஏண்டி, கங்கையை ஜெயிச்ச ராசேந்திர ராசா, தண்ணி நல்லாருக்கு, காத்து நல்லாருக்குன்னு ஒருவேளை அங்கேயே தங்கிட்டாருன்னு வச்சுக்க.”

“ம்.”

“அங்கதான் ஊரு கட்டியிருப்பாரு. காவேரிகொண்ட சோழபுரம்னு பேரு வச்சிருப்பாரு. இங்க என்னடி இருந்திருக்கும்?”

“என்னக்கா?”

“முந்திரிக்காடு! நீயும் நானும் கொட்டை பொறுக்கிக்கிட்டுக் கெடந்திருப்போம்.”

லீவு நாளில் நாங்கள் இரண்டு பேரும் முந்திரிக்கொட்டை பொறுக்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அதை ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் அவரோடு போவது இன்னும் கஷ்டம். விக்கிரமங்கலம் பக்கம் ஒரு புத்தர் சிலை உண்டு. பஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் சீட்டை விட்டு எழுந்து நின்றுவிடுவார்.

“இவரு மட்டும் இந்த ஊருல நெலச்சிருந்தா, பஸ்ஸுல இருக்குற அத்தனை பொம்பளைக்கும் இன்னிக்கு மொட்டை. எண்ணெய் மிச்சம், சீப்பு மிச்சம், பேனு கெடையாது!”

பூ வைத்திருந்த பெண்கள் எல்லாம் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். கண்டக்டர் கும்பிடுவார், புத்தரை அல்ல. “யக்கா, நடந்தது நடந்துபோச்சு. படியில ஆளு தொங்குது, கொஞ்சம் உள்ள நவுருங்க.”

ஆனால் அவர் கதைக்காகவே காத்திருந்த ஒருவரும் உண்டு. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து எப்போதாவது வண்டியில் துணி கொண்டுவரும் பாய். முதல் தடவை வந்தபோது அக்கா புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பாய், நம்ம ராசா கடாரம் வரைக்கும் கப்பல் வுட்டவரு. அந்தக் கப்பலெல்லாம் ஒருவேளை நிக்காம ஓடியிருந்தா, இன்னிக்கு துபாய்க்காரன் ஜெயங்கொண்டத்துல வந்துல்ல வேலை தேடியிருப்பான்!”

“சுப்ஹானல்லாஹ்! அப்ப விசா யாருக்கா குடுப்பா?”

“நாமதான். மீன்சுருட்டியில ஆபீஸு.”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துணியை மடித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, “அப்ப துபாய் போன என் மவன் வூட்டுலயே இருந்திருப்பான், இல்லீங்களா?” என்றார்.

“பின்னே? மத்தியானச் சோத்துக்கே வூட்டுக்கு வந்துருவானே!”

அதன் பிறகு பாய் எப்போது வந்தாலும், மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால், “யக்கா, அந்த மீன்சுருட்டி ஆபீஸு கதையச் சொல்லுங்க” என்பார். அக்காவும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீசுக்கு ஒரு மாடி சேர்த்துக் கட்டுவார்.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது.

நான்தான் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. நின்றதோடு விட்டிருக்கலாம். அக்கா காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

“தங்கச்சி, பல்லவராசா காலத்துல சமணத்துல ஒரு பெரியவரு இருந்தாரு. அவருக்கும் இதே மாதிரிதான் வயித்துவலி. தாங்க முடியாம சிவன்கிட்ட வந்துட்டாரு. வலி நின்னுபோச்சு. அவரு பின்னாலேயே ராசாவும் வந்துட்டாரு, ராசா பின்னால ஊரே வந்துருச்சு. அந்தப் பெரியவருக்கு ஒருவேளை அன்னிக்கு ஒன் கையால ஒரு டம்ளரு கஷாயம் கெடச்சிருந்தா?”

“ம்?”

“அவரு எதுக்கு வரப்போறாரு? தமிழ்நாடு பூராவும் இன்னிக்குச் சமணம்டி! ஆடு வெட்டுறது கெடையாது. பொழுது சாஞ்சா சாப்பாடு கெடையாது. மண்ணுக்கடியில வெளையுறது எதையும் தொடக் கூடாது. ஒரு எறும்ப மிதிக்க முடியாது.”

சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். நான் பின்பக்கம் அண்டா தேய்க்கப் போனேன். திரும்பி வந்தபோது சாம்பார் சாதம் தயார். நான் உரித்து வைத்த வெங்காயம் முறத்தில் அப்படியே இருந்தது. பூண்டும் உருளைக்கிழங்கும் அப்படியே இருந்தன. முட்டை அட்டையிலிருந்து ஒரு முட்டைகூட இறங்கவில்லை.

“அக்கா, முட்டை?”

“சமண நாட்டுல ஏதுடி முட்டை?” என்றவர், சொன்ன பிறகுதான் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தார். அதே நேரம் வாசலில் ஜீப் நின்றது.

வந்தவர் சத்துணவு அதிகாரி. புதியவர். கரண்டியை எடுத்துச் சாம்பார் சாதத்தைக் கிளறினார். அட்டையைப் பார்த்தார்.

“ஏம்மா, சாப்பாட்டு மணி அடிக்கப் போவுது. முட்டை இன்னும் அவிக்கல. அப்படியே அட்டையோட எங்க கொண்டு போறதா இருந்தீங்க?”

எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. முட்டை திருடி என்று ஒரு மெமோ வந்தால் வேலை அன்றோடு போய்விடும். புருஷன் போன பிறகு அந்தக் கரண்டியை வைத்துத்தான் அக்கா மகளை வளர்த்தார். பிள்ளைகள் வாயில் போகிற எதிலும் ஒரு பருக்கை எடுக்காதவர். எந்த ராஜாவையும் எந்தப் பக்கமும் திருப்பிவிடுகிற அக்கா, அன்றைக்கு முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ!

“சார், அக்கா காலையிலேருந்து சமண நாட்டுல இருந்தாங்க சார்.”

“எங்க இருந்தாங்க?”

“சமண நாட்டுல சார். ராசராச சோழனுக்கு வயித்துவலி வந்துச்சுங்க…”

“அடி பாவி!” என்று ஒரு சத்தம். அக்காதான். “ராசராசனுக்கு எப்படி வயித்துவலி வந்துச்சு? அவரு கல்லத் தின்னாலும் செரிப்பாரு! வலி வந்தது வேற ஆளுக்கு, அதுவும் பல்லவராசா காலத்துல. சார், அவ சொல்றத நம்பாதீங்க, நான் சொல்றேன்.”

பயம், மெமோ எல்லாம் பறந்துபோனது. கஷாயத்திலிருந்து தொடங்கி வெங்காயம் வரைக்கும் அக்கா சொல்ல, அதிகாரி முதலில் முறைத்தார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“இரும்மா, இரு. ஊரே சமணம்னா போருக்கு யாரு போறது? போரு இல்லன்னா ராசேந்திரன் எப்படிக் கங்கைக்குப் போயிருப்பாரு?”

“நடந்து போயிருப்பாரு சார். மயிலிறகால தரையக் கூட்டிக் கூட்டி.”

“அப்படிக் கூட்டிக்கிட்டே போனா எப்பம்மா திரும்பி வர்றது?”

“அவரு இன்னும் திரும்பலீங்க சார். அவரு மவன்தான் இங்க ஆண்டுக்கிட்டு இருக்காரு.”

அவர்கள் இப்படி ராஜாவை வழி நெடுகக் கூட்ட வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் சத்தம் போடாமல் அண்டாவில் தண்ணீர் வைத்து முட்டைகளை இறக்கினேன். இன்னொரு அடுப்பில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிச் சாம்பார் சாதத்தில் கொட்டினேன். மணி அடித்தபோது நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் முட்டை. கிளம்பும்போது ஜீப்பில் கால் வைத்துக்கொண்டு, “நாளைக்கு நம்ம நாட்டுலயே இருந்து சமைங்கம்மா” என்று மட்டும் சொன்னார். மெமோ வரவில்லை.

அக்கா அன்றைக்கு எனக்கு நன்றி சொல்லவில்லை. “ராசராசனுக்கு வயித்துவலியாம்!” என்று சாயந்திரம் வரைக்கும் திட்டினார்.

இப்போது அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். போன வாரம் போன் செய்தார்.

“ஏண்டி, அந்தக் கதைய அன்னிக்குக் காலையிலதான கேட்ட நீ. ராசராசன்னு வேணும்னேதானடி மாத்திச் சொன்ன?”

“இல்லக்கா. பயத்துல மறந்துபோச்சு.”

“பொய் சொல்லாத.” பிறகு, “ஒருவேளை அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார்.

எந்த நாட்டையும் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், இதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் வழக்கம்போல ‘ம்’ கொட்டினேன்.